வலிப்பும் நோய் எதிர்ப்பு மண்டலமும்: எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் வலிப்பு நிற்குமா?

ஜூன் 3, காலை 9:10 – கேள்வி

உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைவதால்தான் வலிப்பு வருகிறது, அதைக் கூட்டிவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இன்னொருவர், வலிப்பே, எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்தான், எல்லோருக்கும் அதை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். எதை நம்புவது? பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஆன்டிபாடி (எதிர்ப்பு மண்டலம் தாக்குவதற்காக உருவாக்கும் புரதம்) டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

ஜூன் 3, காலை 11:35

இரண்டும் தவறு. முதலாவது ஆபத்தும்கூட.

உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2017-இல் வலிப்பு நோயின் காரணங்களை ஆறாகப் பிரித்தது: மூளை அமைப்பில் கோளாறு, மரபணு, தொற்று, வளர்சிதை மாற்றம், நோய் எதிர்ப்பு மண்டலம், காரணம் தெரியாதவை. ஒருவருக்கே இரண்டு காரணங்கள் இருக்கலாம். எதிர்ப்பு மண்டலம் இதில் ஒரு பிரிவு, அவ்வளவுதான். வலிப்பு உள்ள பெரும்பாலானோர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள்.

வருகிறவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வலிப்பு வருவதில்லை. எதிர்ப்பு மண்டலம் ஆள் தெரியாமல் சொந்த மூளையின் புரதத்தையே தாக்குவதால் வருகிறது. அதை இன்னும் முடுக்கினால் நோய் முற்றும். அங்கே சிகிச்சையே எதிர்ப்பு மண்டலத்தை அடக்குவதுதான். "எதிர்ப்பு சக்தி" மருந்தை நம்பி வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், விடாமல் தொடரும் வலிப்பில் கொண்டுபோய் விடும். உயிருக்கே ஆபத்து.

பத்து வருஷமாக ஒரே மாதிரியான வலிப்பு, மாத்திரையில் அடங்கியிருக்கிறது, நினைவாற்றலில் மாற்றமில்லை என்றால் ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டாம். தேவையில்லாத இடத்தில் எடுத்தால் பொய்யான பாசிட்டிவ் வந்து அலைக்கழிக்கும்.

ஜூன் 3, இரவு 8:50

"அப்படியானால் யாருக்குத்தான் எடுக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ, மூன்று மாதத்துக்குள், நினைவு தப்புவது, குணம் மாறுவது, வலிப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும். வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்தால் சந்தேகம் குறைகிறது. அடுத்து வலிப்பின் போக்கு. தொடக்கத்திலேயே நாளுக்குப் பல தடவை வருகிறதா, சரியான அளவில் கொடுத்த இரண்டு மருந்துக்கும் அடங்கவில்லையா என்று பார்க்க வேண்டும்.

கூட வருகிற அறிகுறிகள்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் சோடியம் குறைவது. காரணமில்லாமல் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் சில நொடிகள் மயிர்க்கூச்செறிவது. வாயும் நாக்கும் ஓயாமல் அசைவது, பேச்சு வற்றிப்போவது. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறி இறங்குவது. புற்றுநோய் இருப்பது, அல்லது சில வாரம் முன்பு வைரஸ் காய்ச்சல் வந்துபோனது. இவற்றில் பலவற்றுக்கு மதிப்பெண் போடும் ஏபிஇ2 என்ற அளவுகோல் இருக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆன்டிபாடி தேடுவதற்குப் பொருள் உண்டு.

ஜூன் 4, காலை 7:20

மேலே சோடியம் பற்றி ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டேன், அது போதாது. சோடியத்தைக் குறைக்கிற, எல்ஜிஐ1 என்ற மூளைப் புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி நோயைத் தவறவிடுவதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வலிக்கிறது. பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்குப் படுக்கைக்கு அருகிலேயே பிடிபடும் நோய் அது.

பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்கள். முகத்தின் ஒரு பக்கம் சுளிக்கும், அதே நொடியில் அதே பக்கக் கை முறுக்கிக்கொள்ளும். மூன்று நொடிகூட நீடிக்காது, விட்டுவிடும். கையில் டம்ளர் இருந்தால் நழுவி விழும். சிலருக்குக் காலும் சேர்ந்து இழுப்பதால் சாய்ந்து விழுவார்கள். ஒரே நாளில் நூறு தடவைகூட வரலாம். இஇஜி (மூளையின் மின்அலைப் பதிவு) பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும், தண்டுவட நீரும் அப்படியே, எம்ஆர்ஐ-யும் தொடக்கத்தில் சாதாரணமாக இருக்கலாம். அதனால்தான் "மனஅழுத்தம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த சில வாரங்களில் நினைவு சரியத் தொடங்கும்.

வலிப்பு மாத்திரைகள் இந்த முகம்-கை இழுப்பை அரிதாகவே அடக்கும். ஸ்டீராய்டு பெரும்பாலும் அடக்கிவிடும், சிலருக்குச் சில நாட்களிலேயே. நினைவு சரிவதற்கு முன்பே தொடங்கினால் அந்தச் சரிவையும் தடுக்கலாம். இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் பகுதி வலிப்பு என்று நினைத்துக் கார்பமாசெபைனோ ஆக்ஸ்கார்பசெபைனோ என்ற வலிப்பு மாத்திரையைக் கொடுத்தால், ஏற்கெனவே குறைந்திருக்கும் சோடியம் இன்னும் இறங்கும். சோடியம் இறங்கினால் அதுவே வலிப்பைத் தூண்டும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சோடியத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை வீட்டார் செல்பேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்து வந்தாலே போதும், பல டெஸ்டுகளை விட அது உதவும். முகமும் இரண்டு கைகளும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும்.

ஜூன் 4, காலை 7:45

எல்ஜிஐ1 என்பது நரம்புச் சந்திப்பில் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைத்துப் பிடிக்கும் புரதம். அது பிடித்திருப்பது ஒரு பக்கம் ஏடிஏஎம்22, எதிர்ப்பக்கம் ஏடிஏஎம்23 என்ற புரதங்களை. ஆன்டிபாடி இந்தப் பிடியைத் தளர்த்தினால் பொட்டாசியம் வாயில்கள் குறைந்து நரம்பு தாறுமாறாகத் துடிக்கிறது. இதே புரதத்தின் மரபணுவில் பிழை இருந்தால் மூளையின் பொட்டுப் பக்கத்தில் எழும் பக்கவாட்டுப் பொட்டுமடல் வலிப்பு குடும்பத்தில் வழிவழியாக வரும் என்று 2002-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆன்டிபாடி அதே புரதத்தைத்தான் தாக்குகிறது என்று தெரியவந்தது 2010-இல். புரதம் ஒன்று, கெடுகிற வழி இரண்டு.

ஜூன் 5, மாலை 6:15

"எல்லா ஆன்டிபாடி நோயும் குணமாகுமா?" இல்லை. தாக்கப்படும் புரதம் செல்லின் மேற்பரப்பில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

மேற்பரப்புக்குச் சரியான எடுத்துக்காட்டு என்எம்டிஏ ரிசெப்டர் (நரம்பு செல்லில் செய்தியை ஏற்கும் புரதம்) ஆன்டிபாடி. நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழு 2007-இல் விவரித்தது. ஆன்டிபாடி இரண்டு ரிசெப்டர்களைப் பிணைத்துச் செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. மேற்பரப்பில் ரிசெப்டர் குறைகிறது, ஆனால் செல் சாவதில்லை. ஆன்டிபாடி போனால் ரிசெப்டர் திரும்பி வரும். அதனால்தான் மாதக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர்களும் எழுந்து நடக்கிறார்கள். 2013-இல் வெளியான 577 பேர் கொண்ட ஆய்வில், 24 மாதம் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். இளம்பெண்களில் கணிசமானோருக்குச் சினைப்பையில் டெரட்டோமா கட்டி இருக்கும். கட்டியை எடுக்காமல் மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நோய் இழுத்துக்கொண்டே போகும்.

செல்லுக்குள் இருக்கும் ஜிஏடி65, ஹு போன்ற புரதங்கள் வேறு கதை. அங்கே ஆன்டிபாடி வெறும் அடையாளம், கொல்வது டி செல்கள் எனும் வெள்ளணுக்கள் என்றே கருதப்படுகிறது. செத்த நரம்பு செல் திரும்பாது. ஜிஏடி65 வலிப்பு ஸ்டீராய்டுக்கும் சரி, வலிப்பு மாத்திரைக்கும் சரி, எளிதில் மசியாது.

ராஸ்முசென் மூளை அழற்சியும் டி செல் வேலைதான். தியோடர் ராஸ்முசென் 1958-இல் விவரித்தார். பெரும்பாலும் குழந்தைகள். மூளையின் ஒரு பாதி மட்டும் அரித்துக்கொண்டே போகும், மறுபாதி நன்றாக இருக்கும். ஒரு கை நாள்கணக்கில் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். 1994-இல் குளூஆர்3 என்ற ரிசெப்டருக்கு எதிரான ஆன்டிபாடிதான் காரணம் என்று பெரிய நம்பிக்கை எழுந்தது. பிறகு பார்த்தால் வேறு வலிப்புக்காரர்களிடமும் அது இருந்தது, ராஸ்முசென் உள்ள பலரிடம் இல்லை. மருந்து அரிப்பை மெதுவாக்கும். வலிப்பை நிறுத்த இன்றும் அந்தப் பாதியை மறுபாதியிலிருந்து துண்டிக்கும் அறுவைசிகிச்சைதான் வழி. அந்தப் பாதிக்கு எதிர்ப்பக்கக் கைவிரல்களின் நுணுக்க அசைவு போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டே எடுக்கிற முடிவு அது.

ஜூன் 6, காலை 10:05 – ஆய்வகத்திலிருந்து ஒரு சேர்க்கை

டெஸ்ட் விஷயத்தில் மாதிரி எடுக்கும் நேரத்திலேயே பாதி குளறுபடி நடந்துவிடுகிறது.

ஐவிஐஜி ஏற்றுவதற்கு முன் ரத்தத்தை எடுத்து வைத்துவிடுங்கள். ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பிரித்த ஆன்டிபாடி. ஏற்றிய பிறகு எடுத்தால் தானம் செய்தவரின் ஜிஏடி65, தைராய்டு ஆன்டிபாடிகள் நோயாளியின் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். பிளாஸ்மா மாற்றிய பிறகு எடுத்தாலோ, இருக்கிறதும் கழுவிப்போய் நெகட்டிவ் வரும்.

ரத்தம், தண்டுவட நீர் இரண்டையும் ஒன்றாக அனுப்புங்கள். என்எம்டிஏ-வுக்குத் தண்டுவட நீர் நம்பகமானது. ரத்தத்தில் மட்டும் குறைந்த அளவில் பாசிட்டிவ் என்றால் நலமாக இருப்பவர்களிடமும் அப்படி வரும். எல்ஜிஐ1-க்கு நேர்மாறு, ரத்தத்தில் பிடிபடுவது தண்டுவட நீரில் தப்பலாம். ஆன்டிபாடிகளில் ஐஜிஜி வகைதான் கணக்கு. ஐஜிஏ, ஐஜிஎம் பாசிட்டிவை வைத்துச் சிகிச்சை தொடங்கக் கூடாது.

"விஜிகேசி பாசிட்டிவ்" (பொட்டாசியம் வாயில் தொகுதிக்கு எதிரான ஆன்டிபாடி) என்று பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால், அந்த வாயிலோடு ஒட்டிய புரதங்களான எல்ஜிஐ1, காஸ்பர்2 இரண்டும் தனித்தனியாகப் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டும் நெகட்டிவ் என்றால் அந்த விஜிகேசி எண்ணுக்கு மதிப்பில்லை. ஜிஏடி65 குறைந்த அளவில் இருந்தால் முதல் வகை நீரிழிவிலும் அப்படித்தான் இருக்கும். வலிப்போடு அதை முடிச்சுப்போட அளவு மிக அதிகமாக இருக்க வேண்டும்.

ஜூன் 6, மதியம் 1:30

மேலே உள்ளதோடு ஒன்று. மாதிரியை எடுத்து வைத்தபின் ரிப்போர்ட்டுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. ஹெர்பிஸ் வைரஸ் உள்ளிட்ட தொற்றுகளை விலக்கிவிட்டு, படம் பொருந்தினால் தொடங்கிவிட வேண்டும். ஹெர்பிஸ் முடிவு வரும்வரை அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ஓட வேண்டும்.

ஹெர்பிஸே என்எம்டிஏ ஆன்டிபாடியைக் கிளப்பிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். 2018-இல் வந்த ஆய்வில், ஹெர்பிஸ் மூளை அழற்சி வந்த 51 பேரில் 14 பேருக்கு அடுத்த மூன்று மாதத்துக்குள் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி வந்தது. வைரஸ் குணமாகி வீடு திரும்பிய குழந்தைக்குச் சில வாரம் கழித்துக் கைகால் நெளிவும் வலிப்பும் வந்தால், வைரஸ்தான் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டாமல் ஆன்டிபாடியையும் பாருங்கள்.

ஜூன் 7, இரவு 9:00

அளவு கேட்டவர்களுக்கு. இது புரிந்துகொள்வதற்காக மட்டும். எல்லாமே மருத்துவமனையில், கண்காணிப்பில் நடக்க வேண்டியவை.

முதல் சுற்று: மெத்தில்பிரெட்னிசொலோன் ரத்தநாளம் வழியாக நாளுக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள். குழந்தைகளுக்கு கிலோவுக்கு 30 மி.கி., உச்சவரம்பு 1 கிராம். அதோடு, அல்லது அதற்குப் பதிலாக, ஐவிஐஜி கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 24 கிராம், மொத்தம் 120 கிராம். பிளாஸ்மா மாற்றம் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள், 5 முதல் 7 தடவை. ஐவிஐஜி முடித்த கையோடு பிளாஸ்மா மாற்றினால் ஏற்றியதெல்லாம் வெளியே போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் பிளாஸ்மா மாற்றம் முதலில்.

இரண்டாம் சுற்று: முதல் சுற்றில் பலன் போதவில்லை என்றால் ரிட்டுக்ஸிமேப், ஒரு ச.மீ. உடற்பரப்புக்கு 375 மி.கி. வீதம் வாரம் ஒன்றாக நான்கு, அல்லது 1000 மி.கி. இரண்டு வார இடைவெளியில் இரண்டு. சைக்ளோபாஸ்பமைட் என்றால் ச.மீ.-க்கு 750 மி.கி., மாதம் ஒரு தடவை.

எங்கே தவறுகிறது? ரிட்டுக்ஸிமேபுக்கு முன் ஹெபடைடிஸ் பி பார்க்காமல் விடுவது. உறங்கிக்கிடந்த வைரஸ் எழுந்து கல்லீரலையே அழித்துவிடும். மறைந்திருக்கும் காசநோயைப் பார்க்காமல் நீண்டகால ஸ்டீராய்டு தொடங்குவது. ஐவிஐஜி-யை நீர்ச்சத்து குறைந்தவருக்கு வேகமாக ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுப்பது, ரத்தம் உறைய விடுவது. எல்லாவற்றுக்கும் மேல், வலிப்பு நின்றுவிட்டது என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது. நோயும் திரும்பும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியும் கைவிடும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

ஜூன் 9, காலை 8:10

"ஆன்டிபாடி இல்லாத சாதாரண வலிப்பில் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையே இல்லையா?" இருக்கிறது. ஆனால் இங்கே அது தீயை மூட்டுவதில்லை, எரிகிற தீயை விசிறிவிடுகிறது.

ஒரு வலிப்பு வந்ததும் மூளையின் துணைச் செல்களான மைக்ரோகிளியாவும் ஆஸ்ட்ரோசைட்டும் ஐஎல்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை வெளியிடுகின்றன. அது நரம்பு செல்லில் என்எம்டிஏ ரிசெப்டரின் ஒரு துணையலகைப் பாஸ்பேட் ஏற்றி மாற்றுகிறது. கால்சியம் அதிகமாக உள்ளே பாய்கிறது, அடுத்த வலிப்புக்கான வாசல் தாழ்கிறது. அடிபட்ட செல்களிலிருந்து வரும் எச்எம்ஜிபி1 என்ற புரதம், டிஎல்ஆர்4 என்ற ரிசெப்டர் வழியாக இதையே செய்கிறது. இத்தாலியின் மிலானில் அன்னமரியா வெஸ்ஸானி குழு பல ஆண்டுகளாக இதைத்தான் பிரித்துப் பிரித்துக் காட்டியது.

மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு கசிந்தால் அல்புமின் என்ற ரத்தப் புரதம் உள்ளே வருகிறது. ஆஸ்ட்ரோசைட் அதை உறிஞ்சிக்கொண்டு, கிர்4.1 எனும் பொட்டாசியம் வாயிலைக் குறைத்துவிடுகிறது. நரம்பு செல் வெளியே தள்ளும் பொட்டாசியத்தை அள்ள ஆளில்லை. தேங்கும் பொட்டாசியம் பக்கத்துச் செல்களையும் துடிக்கவைக்கிறது. தலையில் அடிபட்டபின் மாதக்கணக்கில் கழித்து வலிப்பு முளைப்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஜூன் 9, காலை 8:40

அழற்சிதான் விசிறுகிறது என்றால் அழற்சி மருந்து கொடுத்தால் போதாதா என்று உடனே கேட்பீர்கள். சோதித்துப் பார்த்தார்கள். வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் நட்டாலிசுமேபை, மருந்துக்கு அடங்காத பகுதி வலிப்பில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. முதன்மை இலக்கை எட்டவில்லை. எலியில் தெளிவாகத் தெரிவது மனிதரிடம் அப்படியே வருவதில்லை.

பலன் தெரிகிற இடம் ஒரு மூலையில் இருக்கிறது: ஃபைர்ஸ் என்ற நோய்க்குறி. நலமாக இருந்த குழந்தைக்குக் காய்ச்சல், 24 மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் நிற்காத வலிப்பு. ஆன்டிபாடி எதுவும் கிடைக்காது, மயக்க மருந்துக்கும் அடங்காது. இங்கே ஐஎல்-1-ஐத் தடுக்கும் அனகின்ராவும், ஐஎல்-6 ரிசெப்டரைத் தடுக்கும் டோசிலிசுமேபும், கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவும் சிலரைக் கரையேற்றியிருக்கின்றன. சிலரை என்றுதான் சொல்கிறேன். இருப்பதெல்லாம் சிறுசிறு தொகுப்புகள்.

ஜூன் 10, இரவு 7:25

முக்கியமான எச்சரிக்கை. "ஸ்டீராய்டுக்குக் கேட்டது, அதனால் தன்னெதிர்ப்பு நோய்" என்று முடிவெடுக்காதீர்கள். கைக்குழந்தைகளின் வெஸ்ட் நோய்க்குறி எனும் வலிப்பில், ஸ்டீராய்டைச் சுரக்கவைக்கும் ஏசிடிஎச் ஹார்மோன் 1958-இலிருந்து பயன்படுகிறது, அந்த நோய்க்குக் காரணம் பெரும்பாலும் மூளை அமைப்போ மரபணுவோதான். மூளை லிம்போமா எனும் புற்றுநோயும் ஸ்டீராய்டில் சுருங்கும், சில வாரம் நன்றாக இருப்பதுபோல் காட்டும், திரும்பி வரும். கட்டியைச் சுற்றிய வீக்கமும் ஸ்டீராய்டில் வற்றும். லிம்போமா சந்தேகம் இருந்தால், நிலைமை இடம்கொடுக்கும்வரை பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவார்கள்.

ஜூன் 11, காலை 6:50

தடுப்பூசி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

காய்ச்சல் வந்தால் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் சிலருக்கு வலிப்பு வரும். தடுப்பூசிக் காய்ச்சலிலும் வரும். பெரும்பாலும் தீங்கில்லாதது. "தடுப்பூசியால் மூளை கெட்டுவிட்டது" என்று சொல்லப்பட்ட 14 பேரை 2006-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று மரபணுச் சோதனை செய்தது. 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பிழை இருந்தது, பெரும்பாலும் திராவே நோய்க்குறி எனும் மரபணு வலிப்பு. ஊசி முதல் வலிப்பின் நேரத்தை முன்னே இழுத்திருக்கலாம், நோயை உண்டாக்கவில்லை.

வலிப்பு உள்ளவர்கள் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. விதிவிலக்கு எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சிகிச்சையில் இருப்பவர்கள். உயர் அளவு ஸ்டீராய்டு, ஏசிடிஎச், ரிட்டுக்ஸிமேப், சைக்ளோபாஸ்பமைட் எடுக்கும்போது உயிருள்ள தடுப்பூசி கூடாது. ரிட்டுக்ஸிமேப் கொடுத்த பிறகு மற்றத் தடுப்பூசிகள் போட்டாலும் பல மாதங்களுக்குப் பலன் குறைவு. நேரம் இருந்தால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

ஜூன் 11, மாலை 5:40

இன்னொரு கோணம் விடுபட்டிருக்கிறது: வலிப்பு மருந்தையே எதிர்ப்பு மண்டலம் தாக்குவது. எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாசெபைன் கொடுத்தால், தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் ஒவ்வாமை வரும் ஆபத்து மிக அதிகம் என்று தைவானில் 2004-இல் கண்டார்கள். ஆசிய வம்சாவளியினரிடம் இந்த வகை கூடுதல். மருந்து தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை ரத்தப் பரிசோதனை போதும்.

தொடங்கிய முதல் மூன்று மாதம் கவனம் தேவை. காய்ச்சலோடு தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, முக வீக்கம், கழுத்தில் நெறி. இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கார்பமாசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், ஃபெனிட்டாயின், ஃபெனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின் இவற்றில் ஒன்றுக்குக் கடும் ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்ததற்கும் வரலாம், மாற்று மருந்தை இந்தக் கூட்டத்துக்கு வெளியே தேட வேண்டும். லாமோட்ரிஜினை வேகமாக ஏற்றுவதும் தடிப்புக்கு வழி. பெரியவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு 25 மி.கி.-யில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்தே 50 மி.கி. கூடவே வால்புரோயேட் ஓடினால் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மி.கி.-யில் தொடக்கம்.

ஜூன் 14, காலை 9:30

கடைசியாக வந்த கேள்வி: என்எம்டிஏ நோயிலிருந்து மீண்டவர் வலிப்பு மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2020-இல் இதற்காகவே இரண்டாகப் பிரித்தது. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது வருபவை ஒரு வகை, அழற்சி அடங்கிய பிறகும் தொடரும் வலிப்பு நோய் இன்னொரு வகை. மேற்பரப்பு ஆன்டிபாடி நோய்களில் பெரும்பாலோர் முதல் வகை. சிகிச்சை பலித்து, வலிப்பு நின்று, எம்ஆர்ஐ-யில் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுருங்காமல், இஇஜி-யிலும் வலிப்புக் கூர்அலைகள் இல்லை என்றால், மருத்துவர் மாதக்கணக்கில் கவனித்துவிட்டு மாத்திரையை ஒவ்வொன்றாக இறக்கலாம். ஜிஏடி65, ஹு, ராஸ்முசென் இரண்டாம் வகை. அங்கே மாத்திரை நீண்டகாலத் துணை.

இறக்கும்போது எதிர்ப்பு மண்டல மருந்தையும் வலிப்பு மாத்திரையையும் ஒரே மாதத்தில் குறைக்காதீர்கள். வலிப்பு திரும்பினால் எதைக் குறைத்ததால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஒன்றை முடித்துச் சில மாதம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். திரும்பி வந்தால் சோடியம், எம்ஆர்ஐ, தண்டுவட நீர் மூன்றையும் மறுபடி பாருங்கள், டெரட்டோமா இருந்தவர்களுக்கு வயிற்று ஸ்கேனும் சேர்த்து.